முழங்கால் ஆழக் கடல்

நூன்சியோ: இறங்காதேன்னா இறங்காதே! ஏ பியா! கரைக்கு வா! வாயில இருக்கற பாஸ்தாவை இன்னும் முழுங்கக்கூட இல்ல, அதுக்குள்ள தண்ணி கேக்குதா?

சாரோ: அப்பா, கத்தாதீங்க. பக்கத்துக் குடைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.

நூன்சியோ: பாக்கட்டும். அவங்க புள்ளைங்க எல்லாம் குடைக்கடியிலதானே உக்காந்திருக்கு? சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகாம இந்த சிசிலியில எந்தப் புள்ள தண்ணியில கால் வைக்குது? உன் பொண்டாட்டிதான் பெத்த மகளைப் போடி கண்ணுன்னு அனுப்பறா. வடக்கத்திக்காரி.

சாரோ: அவளுக்கு இலாரியான்னு ஒரு பேரு இருக்கு.

நூன்சியோ: பேரு தெரியும்டா. எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நெனச்சியா?

தீந்தாரா: ஐயோ, ஆரம்பிச்சுட்டாங்களா அப்பாவும் புள்ளையும்! தம்பி, இலாரியாகிட்ட சொல்லு, பியாவைக் கூட்டிக்கிட்டு ஐஸ் வாங்கிக் குடுத்துட்டு மெதுவா வரட்டும்.

சாரோ: தண்ணி ஆகாது, ஐஸ் மட்டும் ஆகுமாக்கும்?

நூன்சியோ: ஐஸ் வேற, கடல் வேற.

சாரோ: இலாரியா! ...ஆமா, அந்தக் கடைசியில ஒரு கடை இருக்கு பாரு... கோவப்படாதேம்மா, அவருக்கு வயசாயிடுச்சு... சரி, சரி, போயிட்டு வா. ...ம். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு போறா. ராத்திரி எனக்கு இருக்கு பூசை.

நூன்சியோ: வாங்கிக்கோ. ஒரு உசுரு போறதுக்கு அது மேல். பெப்பே இதே மணல்லதான் செத்தான். என் கூடப் பொறந்தவன்.

சாரோ: பெப்பே சித்தப்பா கதை எங்களுக்கு மனப்பாடம்ப்பா.

நூன்சியோ: மனப்பாடமா இருந்தா புள்ளையை விட்டிருப்பியா? ஒரே ஒரு தட்டு பாஸ்தா, ரெண்டு கீத்து தர்பூசணி. 'அண்ணே, பாரு'ன்னு கத்திக்கிட்டே ஓடிப்போய் விழுந்தான். தூக்கிட்டு வந்து போட்டப்போ உதடெல்லாம் நீலம். சாப்பாடு நெஞ்சுல ஏறி அடைச்சிருச்சு.

சாரோ: டாக்டருங்க அதெல்லாம் சும்மாங்கறாங்க. பொறக்கும்போதே அவருக்கு இதயத்துல ஏதாவது...

நூன்சியோ: டாக்டரு பாத்தானா? நான் பாத்தேன். தீந்தாரா, இன்னும் கொஞ்சம் போடு.

தீந்தாரா: இது மூணாவது தட்டுப்பா.

நூன்சியோ: எண்ணிக்கிட்டா இருக்கே?

தீந்தாரா: எண்ணாம? வீட்ல ஒரு கரண்டிக்கு மேல போட்டா தட்டைத் தள்ளுவே. கத்தரிக்கா புளிச்ச ஏப்பம் வருது, சீஸ் செமிக்கலன்னு நூறு நொட்டை. இன்னைக்கு என்ன வந்துச்சு உனக்கு?

நூன்சியோ: கடக்காத்துக்குப் பசிக்குது. அதோட நீ நல்லா செஞ்சிருக்கே. ஓரத்துல கருகிப் போய் ஒட்டியிருக்கு பாரு, அதைச் சொரண்டிப் போடு.

சாரோ: போடுக்கா. சாப்பிடட்டும். இன்னைக்கு ஒரு நாள்தானே...

தீந்தாரா: டேய்!

சாரோ: இல்ல... வருஷத்துல ஒரு நாள்தானே எல்லாரும் ஒண்ணா உக்கார்றோம்னு... அதைச் சொல்ல வந்தேன்.

நூன்சியோ: அதான். ஒரு நாள்தான். தர்பூசணி எங்க?

தீந்தாரா: தண்ணி ஓரத்துல மணல்ல பொதைச்சு வச்சிருக்கேன், குளிர்றதுக்கு. தம்பி, போய் எடுத்துட்டு வா. அலை உருட்டிக்கிட்டுப் போயிடப் போகுது.

சாரோ: அலையா? இந்தக் கடல்லயா? அக்கா, இது கடல் இல்ல, தாம்பாளம். சின்ன வயசுல என் கூட்டாளிங்க எல்லாம் அந்தப் பக்கம் பாறை மேலேர்ந்து தலைகீழாக் குதிப்பானுங்க. நம்ம அப்பா மட்டும் இங்க கொண்டாந்து விடுவார். ஒரு மைல் நடந்தாலும் முழங்கால். தவளைகூட முங்காது.

நூன்சியோ: முங்கக் கூடாதுன்னுதான்டா கொண்டாந்தேன். பஸ் ஓட்டின நாள்ல இந்தக் கரை முழுக்கப் பாத்து வச்சேன். பெப்பே போனதுக்கப்புறம் எங்க அம்மா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. ஆனா எம் புள்ளைங்களுக்கு இதைவிட நல்ல எடம் கெடைக்கலியே. போ, பழத்தை எடுத்துட்டு வா.

தீந்தாரா: ஏம்ப்பா, வயித்துல எடம் இருக்கா?

நூன்சியோ: பெரிய கீத்தா வெட்டு.

தீந்தாரா: ...இந்தா. கொட்டையைத் துப்பு, முழுங்காதே. ...இன்னொண்ணா? போதும்ப்பா. நாலு கீத்து ஆச்சு. போதும், கொஞ்சம் சாஞ்சு படு.

நூன்சியோ: தொப்பியைக் குடு. மூஞ்சியில வெயிலடிக்குது.

...

சாரோ: தூங்கிட்டாரா?

தீந்தாரா: தொப்பியைப் போட்டுக்கிட்டா தூங்கிடுவார்.

சாரோ: குறட்டை வரலியே.

தீந்தாரா: மெதுவாப் பேசு. எப்ப சொல்லப் போறே?

சாரோ: நானா? நீதானே...

தீந்தாரா: நான் எப்படா சொன்னேன்? போன்ல என்ன சொன்னே நீ? 'கவலைப்படாதேக்கா, நான் வந்து பக்குவமா எடுத்துச் சொல்றேன், ஆம்பளைக்கு ஆம்பளை'ன்னு சொல்லல?

சாரோ: சொன்னேன். இல்லேங்கல. ஆனா மொகத்தைப் பாத்ததும் வேற எதையோ பேசிடறேன்.

தீந்தாரா: நீ ஆகஸ்டுக்கு ஆகஸ்டு பாக்கற மொகம்டா அது. நான் தினமும் பாக்கறேன்.

சாரோ: எத்தனை மணிக்குள்ள கொண்டு போய் விடணும்?

தீந்தாரா: ராச்சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள. அப்புறம் கன்னியாஸ்திரீங்க மடத்துக் கதவைச் சாத்திடுவாங்க. நாளைக்கு மாதா திருவிழா, யாரையும் சேக்க மாட்டாங்க. அந்தப் பெரிய சிஸ்டர் கண்டிஷனா சொல்லிட்டா. அவங்க முதியோர் இல்லத்துல ஒரு கட்டில்தான் காலி, வரிசையில ஆள் நிக்குதுன்னு.

சாரோ: குளிச்சுட்டு வீட்டுக்குப் போறோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கார் மனுசன். நேரா அங்க கொண்டு போய் இறக்கினா...

தீந்தாரா: அதனாலதான் இங்கயே சொல்லித் தொலைங்கறேன். இன்னைக்கு வயிறு நெறைய சாப்பிட்டிருக்கார், சந்தோஷமா இருக்கார்...

சாரோ: சந்தோஷமா இருக்கறவர்கிட்டப் போய் இதைச் சொல்லச் சொல்றே.

தீந்தாரா: அப்ப அழுதுக்கிட்டு இருக்கறப்ப சொல்லலாமா?

சாரோ: ஷ்ஷ்... அசையறார்.

நூன்சியோ: என்ன குசுகுசுன்னு?

தீந்தாரா: ஒண்ணும் இல்லப்பா. இலாரியாவைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தான்.

நூன்சியோ: ம். புழுங்குது. நான் போய்க் காலை நனைச்சுட்டு வரேன்.

தீந்தாரா: கால் மட்டும்தான்! கணுக்காலுக்கு மேல நனையக் கூடாது, இப்பத்தான் சாப்பிட்டிருக்கே!

நூன்சியோ: எனக்கே சொல்லித் தர்றியா?

சாரோ: நான் கூட வரட்டுமாப்பா?

நூன்சியோ: வேணாம். உக்காந்து பேசுங்க. பேசி ஒரு முடிவுக்கு வாங்க... இலாரியாவைப் பத்தி.

...

சாரோ: கேட்டிருப்பாரோ?

தீந்தாரா: காது மந்தம். எதிர்ல நின்னு கத்தினாலே பாதிதான் கேக்குது. விடு.

சாரோ: அக்கா, இப்படிச் செய்யலாமா? கார்ல ஏறினதுக்கப்புறம் சொல்லிடலாம். அவர் பின்னாடி உக்காந்திருப்பார், நான் ரோட்டைப் பாத்துக்கிட்டே...

தீந்தாரா: ரோட்டைப் பாத்துக்கிட்டே? ரொம்ப தைரியசாலிதான்டா நீ.

சாரோ: நீயும்தான் சொல்லல. வருஷக்கணக்கா அவரோட ஒரே வீட்ல இருக்கே. பொட்டி கட்டினவளும் நீதான்.

தீந்தாரா: ஆமா, நான்தான் கட்டினேன். நான்தான் மடத்துக்கு அலைஞ்சேன், நான்தான் கெஞ்சினேன். ஒரு வார்த்தை மட்டும் நீ சொல்லு, புள்ளைன்னு ஒருத்தன் இருக்கான்ல, அவன் சொல்லட்டும்னேன். அது தப்பா?

சாரோ: வேற வழி இல்லாமத்தானே செய்யறோம்...

தீந்தாரா: வேற வழி இருந்தா சொல்லு. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போயிடல.

சாரோ: என்ன வழிக்கா இருக்கு?

தீந்தாரா: நீயே சொல்லு.

சாரோ: எங்க வீடு தெரியுமில்ல உனக்கு? வடக்க, தூரின்ல நாலாவது மாடி. லிப்ட் கெடையாது. அந்தக் குளிர்ல அவரை...

தீந்தாரா: உன் நாய்க்கு மாடி ஏற முடியுது. ரெண்டு நாள் கார்ல உக்காத்தி வச்சு இங்கேயும் கூட்டிட்டு வந்திருக்கே. இந்நேரம் ஓட்டல் ரூம்ல கட்டில் மேல படுத்துத் தூங்கும்.

சாரோ: நாயையும் அப்பாவையும் ஒண்ணாப் பேசறியே, நல்லா இருக்காக்கா?

தீந்தாரா: நான் ஒண்ணாப் பேசலடா. நாய்க்கு எடம் இருக்குன்னுதான் சொன்னேன்.

சாரோ: இலாரியா ஒத்துக்க மாட்டா.

தீந்தாரா: கேட்டியா?

சாரோ: கேக்காமலே தெரியும்.

தீந்தாரா: ஓ. கேக்கவே இல்ல.

சாரோ: நீ இங்க இருக்கேங்கற தைரியத்துலதான்க்கா நான் அங்க நிம்மதியா... உனக்குப் பழக்கம். உன் கை பட்டாத்தான் அவர் சட்டை மாத்திக்கறார், மாத்திரை போட்டுக்கறார். எனக்கு அதெல்லாம் வராது.

தீந்தாரா: எனக்கு மட்டும் அம்மா வயித்துலேயே வந்துச்சாடா? போன மாசம் குளிக்கறப்ப வழுக்கி விழுந்தார். தூக்கிப் பாத்தேன், முடியல. கூப்பிட ஆள் இல்ல. ஒரு துண்டைப் போத்திவிட்டு நானும் அந்த ஈரத் தரையிலயே உக்காந்துட்டேன். பால்காரன் வர்ற வரைக்கும் என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். நானும் 'என்ன'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வேற என்ன பண்றது?

சாரோ: நீ இதை என்கிட்டச் சொல்லவே இல்லியே.

தீந்தாரா: சொன்னேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ணினே. 'அப்புறம் பேசறேன்க்கா, ஃபுட்பால் ஆரம்பிச்சுடுச்சு'ன்னே. கேஸைத் தொறந்து விட்டுட்டு மறந்துடறார். செருப்பைக்கூடப் போடாம பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வண்டியை எடுக்கணும், நேரமாச்சுங்கறார். எனக்கும் வயசு அம்பத்து நாலுடா. எனக்கு முட்டி வலிக்குது. என் வாழ்க்கையில என்ன நடந்துச்சுன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?

சாரோ: சரிக்கா. தப்புதான். அழாதே, பாக்கறாங்க. நானே சொல்லிடறேன், போதுமா? இப்பவே சொல்றேன். அப்பா! ...எங்க அவரு?

தீந்தாரா: ஓரத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தார்.

சாரோ: ஓரத்துல இல்லியே.

தீந்தாரா: அந்தப் பந்து விளையாடறவங்களுக்கு அந்தப் பக்கம் பாரு. தேங்கா கீத்து விக்கறவன் பின்னாடி...

சாரோ: இல்லக்கா. அங்க பாரு. அதோ... தூரத்துல. ஒரு வெள்ளைத் தொப்பி தெரியுது பாரு.

தீந்தாரா: தொப்பி மட்டும்தானே தெரியுது! ஆளு எங்க?

சாரோ: கழுத்து தெரியுது... உக்காந்திருக்கார். தண்ணிக்குள்ள உக்காந்திருக்கார்.

தீந்தாரா: ஐயோ மாதாவே! மூணு தட்டுடா! சாப்பிட்டு முழுசா ஒரு மணி நேரம்கூட ஆகலடா!

சாரோ: நீ இரு, நான் போறேன்.

தீந்தாரா: நீயும் சாப்பிட்டிருக்கே, இறங்காதே! ...இறங்குடா! என்னடா நின்னுக்கிட்டு? ஓடு! ஓடு!

...

சாரோ: அப்பா! அப்படியே இருங்க! அசையாதீங்க!

நூன்சியோ: எங்க போறது? இவ்வளவு தூரம் வந்துட்டேன், இன்னும் தொடைக்கு ஏறல. உக்காந்தாத்தான் கழுத்துக்கு வருது. நீ ஏன்டா பேன்ட்டோட வந்தே? ஏய் தீந்தாரா, நீயுமா?

தீந்தாரா: எழுந்திரு... எழுந்திருப்பா... மூச்சு அடைக்குதா? நெஞ்சு வலிக்குதா? எங்க, உதட்டைக் காட்டு.

நூன்சியோ: ஒண்ணும் இல்ல. ஏப்பம்தான் வருது. கத்தரிக்கா ஏப்பம்.

சாரோ: சிரிப்பா இருக்கா உங்களுக்கு? ஊருக்கெல்லாம் சட்டம் பேசிட்டு நீங்களே இப்படி... கால் நனைக்கறேன்னு சொல்லிட்டுத்தானே வந்தீங்க?

நூன்சியோ: மொதல்ல கால்தான் நனைஞ்சுது.

தீந்தாரா: வழி தெரியாம வந்துட்டியாப்பா? அம்மாவைத் தேடிக்கிட்டு வந்தியா?

நூன்சியோ: உங்க அம்மாதான் செத்துப் போயிட்டாளே. சில நேரம் மறந்துடறேன், நெசம்தான். இன்னைக்கு மறக்கல. இன்னைக்கு எல்லாம் தெளிவா இருக்கு. தீந்தாரா, ஒண்ணு கேக்கறேன். என் குளிக்கற நிஜார்ல, இடுப்புப் பட்டையில, என் பேரை எதுக்குத் தைச்சிருக்கே? சட்டைக் காலர்ல இருக்கு. கைக்குட்டையில இருக்கு. காலுறையில இருக்கு. சிவப்பு நூலு. பள்ளிக்கூடத்துக்குப் போற வயசா எனக்கு?

சாரோ: அப்பா, அது வந்து...

நூன்சியோ: மடத்து இல்லத்துலதான்டா கிழடுங்க துணி ஒண்ணோட ஒண்ணு கலந்துடக் கூடாதுன்னு பேர் தைச்சுக் கொண்டாரச் சொல்வாங்க. நம்ம ஊர்ல இது யாருக்குத் தெரியாது? தையல் நல்லாத்தான் இருக்கு. ஒரு எழுத்துகூடக் கோணல.

தீந்தாரா: அப்பா... நான் சொல்லணும்னுதான்... வாய் வரலப்பா...

சாரோ: எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?

நூன்சியோ: திங்கக்கிழமையிலேர்ந்து. யாராவது சொல்வீங்கன்னு பாத்தேன். நீ வந்தே. கட்டிப் புடிச்சே, கண்ணைத் திருப்பிக்கிட்டே. இவ உன்னை மொறைச்சா. அங்க குடைக்கடியில ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுத் தள்ளிக்கிட்டு இருந்தீங்க, நீ சொல்லு நீ சொல்லுன்னு. காது மந்தம்தான், ஆனா கடற்கரையில காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துப் பேசணும்.

தீந்தாரா: ஐயோ...

நூன்சியோ: சரி, யாருமே சொல்ல வேணாம், நம்மளே முடிச்சுக்கலாம்னு காலையிலேயே முடிவு பண்ணிட்டேன். அதான் தின்னேன்.

சாரோ: என்ன... என்னப்பா சொல்றீங்க?

நூன்சியோ: பெப்பே தின்னதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல தின்னேன். நேரா வந்து உக்காந்தேன். கண்ணை மூடிக்கிட்டு, இப்ப வரும், இப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன்டா. ஒண்ணும் வரல. ஒரு சின்னக் குடைச்சல்கூட இல்ல. பொய்யிடா அது. மொத்தமும் பொய். அந்தப் பொய்யை நம்பி உங்க ரெண்டு பேரையும் எத்தனை மத்தியானம் கரையில உக்கார வச்சு அழ விட்டேன்...

தீந்தாரா: பாவி அப்பா! என் கையால செஞ்ச சோத்தை அதுக்காப்பா தின்னே... அதுக்கா கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னே? ஓரத்தைச் சொரண்டிப் போட்டேனே நான்!

நூன்சியோ: நல்லாத்தான் இருந்துச்சும்மா. நெசமாவே நல்லா இருந்துச்சு.

சாரோ: போதும். போதும்ப்பா. மடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என் கையைப் புடிச்சுக்கோங்க, எழுந்திரிங்க. நாம வீட்டுக்குப் போலாம்.

நூன்சியோ: வீட்டுக்கா?

சாரோ: வீட்டுக்குத்தான். உங்க கட்டில், உங்க ஜன்னல், உங்க நாக்காலி. பொட்டியை நானே மாடிக்குத் தூக்கிட்டு வந்து அவுத்து வைக்கறேன். யாரு என்ன கேக்கறாங்கன்னு பாக்கறேன். அக்கா பாத்துக்குவா உங்களை. என்னக்கா?

தீந்தாரா: ...

நூன்சியோ: அவ வாயே தொறக்கலியேடா.

சாரோ: அக்கா! அவர் உன் மொகத்தைத்தான் பாக்கறார். சொல்லேன். வீட்டுக்குப் போலாம்ப்பான்னு ஒரு வார்த்தை சொல்லேன்க்கா!

தீந்தாரா: எந்த வீட்டுக்குடா? காலையில நீ தெருவுல நின்னுக்கிட்டு ஹாரன் மேல ஹாரன் அடிச்சியே, அப்ப நான் மாடியில வாடகை வீட்டைக் காலி பண்ணி, வீட்டுச் சொந்தக்காரன் கையில சாவியைக் குடுத்துக்கிட்டு இருந்தேன். கட்டிலும் அவனோடது, நாக்காலியும் அவனோடது. நாளைக்குத் திருவிழாக் கூட்டம்னு ட்ராபானி டவுன்ல ஒரு ஓட்டல் சமையக்கட்டுல என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, மாடிப்படிக்கு அடியில படுக்க எடம் தர்றாங்க. இனிமே அப்பாவுக்கும் வீடு இல்ல, எனக்கும் இல்ல. இருக்கறது உன் வீடு ஒண்ணுதான். 'எங்கூட வாங்கப்பா'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட மாட்டியான்னு காலையிலிருந்து உன் வாயைத்தான்டா பாத்துக்கிட்டு இருந்தேன்.